வெளிநாட்டு விடுதியில் யாருக்கு, எவ்வளவு, எப்படி: டிப்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். விமானச் சீட்டு வாங்கியாயிற்று, தங்கும் விடுதியும் பதிவு செய்தாயிற்று. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டுமா, கொடுத்தால் எவ்வளவு, கொடுக்காவிட்டால் தவறாக நினைப்பார்களா? ஈப்போவில் ஒரு விடுதியில் 11 ஆண்டுகள் அறைகளைத் துப்புரவு செய்தவள் நான் என்பதால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். எங்கள் தோட்டம் விற்கப்பட்டு, லயத்து வீடுகளை நாங்கள் காலி செய்தபோது, என்னுடன் வளர்ந்த பெண்களில் பலர் தொழிற்சாலைக்கும், சிலர் என்னைப்போல் விடுதி வேலைக்கும் போனார்கள். இன்று அதே குடும்பங்களின் பிள்ளைகள் பேங்காக்குக்கும் ஜப்பானுக்கும் சுற்றுலா போகிறார்கள் என்பதில் எனக்குள்ள மகிழ்ச்சி கொஞ்சமல்ல. இதுவரை கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் நாட்டிலேயே டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லையே. வெளிநாட்டில் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

நம் நாட்டில் நாம் கொடுக்காமல் இல்லை. கொடுப்பது நம் கண்ணில் படுவதில்லை. மலேசியாவின் பெரிய விடுதிகள் பலவற்றில் கட்டணச் சீட்டின் அடியில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருக்கும். அதற்கும் அரசாங்கத்தின் சேவை வரிக்கும் தொடர்பில்லை. அந்த வரி தங்கும் அறைகளுக்கு 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடாக உயர்ந்தது. அது அரசாங்கத்துக்குப் போகும். 10 விழுக்காடோ, தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள விடுதிகளில், ஊழியர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் இத்தனை புள்ளி என்று கணக்கு இருக்கும். அந்த மாதம் விடுதி எவ்வளவு ஈட்டியதோ அதற்கேற்பப் புள்ளியின் மதிப்பு ஏறும், இறங்கும். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அறைகள் நிரம்பினால் அடுத்த சம்பளத்தில் அது தெரியும். 2020-இல் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து விடுதிகள் மூடிக் கிடந்தபோது, அடிப்படைச் சம்பளம் கிடைத்தவர்களுக்குக்கூட இந்தப் புள்ளிப் பணம் இல்லாமல் போனது. குடும்பச் செலவில் எவ்வளவு பெரிய பங்கை அது தாங்கி வந்தது என்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்தார்கள்.

இந்தப் பணம் யாருடையது என்ற வழக்கு நம் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போயிற்று. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்த பிறகு, சேவைக் கட்டணத்தைச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குக் காட்டலாமா என்பதே அதில் எழுந்த கேள்வி. அப்படிச் செய்யக் கூடாது, அது வாடிக்கையாளர் ஊழியர்களுக்காகக் கொடுத்த பணம் என்று 2021-இல் தீர்ப்பு வந்தது. வெளிநாட்டுக்குப் போகும்போதும் இதே பார்வையில் கட்டணச் சீட்டைப் படியுங்கள். சேவைக் கட்டணம் அதில் இருக்கிறதா, இருந்தால் அது வேலை செய்தவர் கைக்குப் போகிறதா, இல்லையென்றால் அந்த நாட்டில் அவர் எதை நம்பி வாழ்கிறார் என்று பாருங்கள். மற்ற எல்லாப் பதில்களும் இதிலிருந்துதான் வருகின்றன.

விடுதியில் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும்?

நம்மவர்களில் பெரும்பாலோர் பெட்டியைத் தூக்கி வருகிற இளைஞருக்குக் கொடுக்கிறார்கள். அவர் அறைக்குள் வந்து, விளக்கைப் போட்டு, திரையை விலக்கிவிட்டு வாசலில் ஒரு நொடி நிற்கிறார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. கொடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் அறையைத் துப்புரவு செய்கிற பெண்ணை நீங்கள் பார்ப்பதே இல்லை. நீங்கள் பசியாறிவிட்டு ஊர் சுற்றப் போன பிறகு அவர் வருகிறார். நீங்கள் திரும்பும்போது மெத்தை விரிப்பு இழுத்துச் சொருகப்பட்டு, குளியலறை உலர்ந்திருக்கிறது. யார் செய்தார் என்று தெரியாது. விடுதியில் ஒருவருக்கு மட்டும்தான் கொடுக்க முடியும் என்றால் அவருக்குக் கொடுங்கள் என்பதே என் கருத்து. நான் அந்த வேலையைச் செய்தவள் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த வேலையின் கணக்கையே எடுத்துப் பாருங்கள்.

தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெடுக்கும் பெரட்டைப் போலவே எங்களுக்கும் காலை 8 மணிக்கு ஒரு வரிசை உண்டு. மேற்பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாளைக் கொடுப்பார். அதில் நான் அன்று செய்ய வேண்டிய 14 அறைகளின் எண்கள் இருக்கும். சில நாட்களில் 16. விருந்தினர் தொடர்ந்து தங்கும் அறை சீக்கிரம் முடியும். காலி செய்து போன அறையில் விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் மாற்றி, குளியலறைக் கண்ணாடியில் ஒரு முடி இல்லாமல் துடைத்து, மேற்பார்வையாளர் வந்து பார்த்து ஒப்புதல் தரும் வரை அடுத்த அறைக்குப் போனாலும் மனம் அங்கேயே நிற்கும். கனமான மெத்தையின் மூலையைத் தூக்கித் தூக்கி எனக்கு வந்த இடுப்பு வலி இன்றுவரை போகவில்லை. பல நாடுகளில் இப்போது இந்த வேலை வெளிக் குத்தகையாளரிடம் விடப்படுகிறது. அந்தத் தொழிலாளர்கள் விடுதியின் சம்பளப் பட்டியலில் இல்லாததால் சேவைக் கட்டணத்தின் பங்கும் பல இடங்களில் அவர்களுக்கு வருவதில்லை.

மற்றபடி, வாடகை வண்டி பிடித்துத் தருகிறவர், அறைக்கு உணவு கொண்டு வருகிறவர் ஆகியோருக்குச் சிறு தொகை போதும். முகப்பு மேசையில் இருப்பவருக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. தொலைந்த கடப்பிதழைத் தேடித் தருவது போன்ற பெரிய உதவி செய்தால் கொடுக்கலாம்.

பணத்தை அறையில் எங்கே வைப்பது?

இதைத் தவறாகச் செய்தால் நல்லெண்ணத்தோடு வைத்த பணமே ஒருவருடைய வேலைக்கு உலை வைத்துவிடும். என்னோடு வேலை செய்த ஒரு புதிய பெண், காலி செய்யப்பட்ட அறையின் மேசையில் சாம்பல் கிண்ணத்துக்கு அடியில் இருந்த 50 வெள்ளியை (ரிங்கிட்டை) டிப்ஸ் என்று நினைத்து எடுத்துக்கொண்டார். மாலையில் விருந்தினர் தொலைபேசியில் அழைத்து, பணத்தை மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னார். அந்தப் பெண் உடனே திருப்பிக் கொடுத்தும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதிலிருந்து எழுத்தில்லாத பணத்தை நாங்கள் யாரும் தொட்டதில்லை. தொடாமல் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் காட்டி, தவறவிட்ட பொருள் பதிவேட்டில் எழுத வைப்போம்.

ஆகவே பணத்தோடு ஒரு துண்டுச் சீட்டு அவசியம். விடுதியின் குறிப்புத் தாளிலேயே ‘அறையைத் துப்புரவு செய்தவருக்கு, நன்றி’ என்று அந்த நாட்டு மொழியிலோ ஆங்கிலத்திலோ எழுதி, பணத்தை அதில் மடித்து, தலையணை மேல் வையுங்கள். தலையணை மேல் யாரும் பணத்தை மறந்து வைப்பதில்லை. அதனால் சந்தேகம் எழாது. உங்கள் சொந்தப் பணப்பையையும் சில்லறையையும் அதே நேரத்தில் மேசையில் பரப்பி வைக்காதீர்கள்; எது யாருக்கு என்ற குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குப் பணம் வைத்துக் கொடுக்க வாங்கிய அங்பாவ் உறைகள் மிஞ்சியிருந்தால் நாலைந்தைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். உறையில் வந்த பணத்தை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைசி நாளில் மொத்தமாகக் கொடுத்தால் போதாதா?

போதாது. திங்கட்கிழமை உங்கள் அறையைச் செய்தவருக்குப் புதன்கிழமை விடுப்பாக இருக்கலாம். ஒவ்வொரு காலையும் கிளம்பும்போது அன்றைக்குரியதை வையுங்கள்.

ஹட்யாய், பேங்காக் போகிறோம். எவ்வளவு வைக்கலாம்?

எங்கள் ஊரிலிருந்து வேன் பிடித்து எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹட்யாய் போகிறவர்கள் அதிகம். அங்கே அறைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 50 பாட், நல்ல பெரிய விடுதியென்றால் 100 பாட் வைக்கலாம். பெட்டி தூக்குகிறவருக்கும் இதே அளவு பொருந்தும். தாளாகக் கொடுங்கள், 1 பாட், 2 பாட் நாணயங்களைக் குவித்து வைப்பது மரியாதைக் குறைவாகப் படும். தாய்லாந்துப் பணத்தில் மன்னரின் உருவம் இருப்பதால், அதைத் தரையில் எறிவதும் காற்றில் பறக்கும் தாளைக் காலால் மிதித்து நிறுத்துவதும் அங்கே பெருங்குற்றமாகக் கருதப்படும். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

விலைப்பட்டியலில் தொகைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 7 விழுக்காடு வரியும் பின்னர் சேரும் என்று பொருள். வரி சேவைக் கட்டணத்தின் மீதும் விழுவதால் மொத்தம் 17.7 விழுக்காடு கூடும். அப்படிக் கட்டிவிட்ட உணவகத்தில் மேற்கொண்டு கொடுக்கத் தேவையில்லை. ஆனாலும் தலையணை மேல் 20 பாட் வைப்பதை நான் நிறுத்த மாட்டேன்.

பாலி, மேடான், வியட்நாம்?

இந்தோனேசியாவில் ஒரு நாளைக்கு 10,000 முதல் 20,000 ரூப்பியா, வியட்நாமில் 20,000 முதல் 50,000 டோங் என்பது நியாயமான அளவு. பூஜ்யங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் வெள்ளிக் கணக்கில் அது ஒரு தட்டு நாசி லெமாக்கைச் சுற்றியே இருக்கும். வியட்நாமின் 20,000 டோங் தாளும் 5,00,000 டோங் தாளும் இரண்டுமே நீல நிறம். இருட்டில், அவசரத்தில், 25 மடங்கு கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. 5,00,000 தாள்களைப் பணப்பையின் வேறு அறையில் பிரித்து வையுங்கள்.

தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போகிறோம். அங்கே எப்படி?

பழனிக்கும் திருச்செந்தூருக்கும் மதுரைக்கும் போகிற நம்மவர்கள் இரண்டு வகையான தவறு செய்வதைப் பார்த்திருக்கிறேன். சிலர் முதல் நாளிலேயே கையில் வந்ததை வாரிக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு லாட்ஜின் எல்லா ஊழியர்களும் அறை வாசலில் நிற்கும்போது எரிச்சலடைகிறார்கள். வேறு சிலர், யாரோ சொன்னதைக் கேட்டு, எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் என்ற முடிவோடு போய், வெந்நீர் வாளியை மூன்று மாடி தூக்கி வந்த பையனுக்குக்கூட ஒன்றும் கொடுக்காமல் கதவை மூடுகிறார்கள். இரண்டாவது என் மனத்தை அதிகம் வருத்துகிறது. நம் தாத்தா பாட்டி கப்பலேறாமல் இருந்திருந்தால் அந்த வாளியைத் தூக்கியிருக்கக் கூடியது நம் வீட்டுப் பிள்ளை.

அறைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 ரூபாய், பெட்டிகளைக் கொண்டு வந்தால் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘தம்பி’ என்றழைத்து, அவர் பெயரையும் கேட்டு, வேண்டியதைச் சொன்னால் போதும். மொழி தெரிந்த இடத்தில் இதைவிட எளிய வழி இல்லை. நாணய மாற்றுக் கடையில் பெரும்பாலும் 500 ரூபாய்த் தாள்களே கிடைக்கும். விமான நிலையத்திலோ, வழியில் தேநீர் குடிக்கும்போதோ, 50, 100 ரூபாய்த் தாள்களாக மாற்றிக்கொள்ளுங்கள். பழைய பயணத்தில் மிஞ்சிய தாள்களை எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்: 2016 நவம்பரில் செல்லாதவையாக்கப்பட்ட பழைய 500, 1000 ரூபாய்த் தாள்களால் ஒரு பயனும் இல்லை, 2000 ரூபாய்த் தாள் 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதை டிப்ஸாகக் கொடுத்தால் வாங்குகிறவருக்குத் தொல்லைதான்.

உணவகச் சீட்டில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்க்கப்பட்டிருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்ன பிறகு, பரிமாறியவர் கையில் நீங்களாக ஒரு தொகையைக் கொடுங்கள்.

ஜப்பானில் டிப்ஸ் கொடுத்தால் அவமதிப்பு என்கிறார்களே?

அவமதிப்பு என்பதைவிடச் சங்கடம் என்பது பொருந்தும். நீங்கள் மறந்து வைத்த பணமென்று நினைத்து, தெருவரை ஓடி வந்து திருப்பிக் கொடுப்பார்கள். சாதாரண விடுதிகளில் ஒன்றும் வைக்க வேண்டாம். ரியோகான் எனப்படும் பாரம்பரிய விடுதியில் மட்டும், உங்கள் அறையைக் கவனித்து உணவு பரிமாறும் பெண்மணிக்கு, முதல் நாளே ஓர் உறையில் வைத்துக் கொடுக்கும் பழைய வழக்கம் உண்டு. அதைக் கொகோரோசுகே என்பார்கள். அது கட்டாயமல்ல. கொடுப்பதானால் வெறுந்தாளை நீட்டாமல், மொய் உறை கொடுப்பதுபோல் இரு கைகளாலும் கொடுங்கள். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். தென்கொரியாவிலும் கொடுக்கும் வழக்கம் இல்லை.

சிங்கப்பூர், ஆஸ்திரேலியா?

சிங்கப்பூரில் நம் நாட்டைப் போலவே 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேரும். அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. ஆஸ்திரேலியாவில் எதிர்பார்ப்பு இல்லை. இரண்டிலும் வைத்தால் நன்றியோடு வாங்கிக்கொள்வார்கள், வைக்காவிட்டால் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் மகன் படிக்கிறான், பார்க்கப் போகிறோம். அங்கே கட்டாயம் என்கிறார்கள்.

சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் கொடுக்காமல் வருவது ஒருவருடைய கூலியில் கை வைப்பதற்குச் சமம். டிப்ஸ் பெறும் ஊழியர்களுக்கு முதலாளி கொடுக்க வேண்டிய நடுவண் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 2.13 டாலர் மட்டுமே. 1991 முதல் அது மாறவில்லை. மீதியை டிப்ஸ் நிரப்ப வேண்டும் என்பதே அங்குள்ள ஏற்பாடு. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இந்தத் தாழ்ந்த விகிதத்தை அனுமதிப்பதில்லை. இந்த விகிதம் பெரும்பாலும் உணவகங்களில் பரிமாறுகிறவர்களைத்தான் தொடும். ஆகவே உணவகத்தில் 15 முதல் 20 விழுக்காடு கொடுங்கள். அறைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 5 டாலர் வரை வைக்கச் சொல்வது அங்குள்ள வழக்கம். நான் 3 டாலருக்குக் குறையாமல் வைக்கச் சொல்வேன். பெட்டி ஒன்றுக்கு 1 முதல் 2 டாலர். 1 டாலர் தாள்களை நாணய மாற்றுக் கடையில் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அங்கே போன பின் 100 டாலர்த் தாளை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியிருக்கும்.

லண்டன் போகிறவர்கள் அறைக்கு 1 அல்லது 2 பவுண்டு வைக்கலாம். டிப்ஸ் பணத்தில் முதலாளி ஒன்றும் பிடித்துக்கொள்ளாமல் முழுவதையும் ஊழியர்களுக்கே கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் நடப்பில் உள்ளது. அதைப் படித்தபோது, என் பழைய தோழிகளுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பழைய காகித 20, 50 பவுண்டுத் தாள்கள் 2022 செப்டம்பருக்குப் பின் கடைகளில் செல்லாது.

ரிங்கிட்டாகவே கொடுக்கலாமா? கைத்தொலைபேசி வழியாகச் செலுத்தலாமா?

ஹட்யாயில் ரிங்கிட்டை வாங்கிக்கொள்வார்கள். மாற்றவும் கடைகள் உண்டு. மற்ற நாடுகளில் வேண்டாம். 1998-க்குப் பின் ரிங்கிட் வெளிநாட்டுச் சந்தைகளில் வணிகமாவதில்லை என்பதால், தொலைவான நாட்டில் அதை மாற்றுவது கடினம். நாணயங்களைப் பெரும்பாலும் எங்கும் மாற்றிக்கொடுக்க மாட்டார்கள். நம் 50 காசு அங்கே வெறும் உலோகம். எங்கள் விடுதியில் விருந்தினர்கள் விட்டுப்போன வெளிநாட்டு நாணயங்கள் ஒரு மைலோ டின் நிறையச் சேர்ந்து, யாருக்கும் உதவாமல் கிடந்தன. கைத்தொலைபேசியில் பணம் செலுத்தும் நம் டூயிட்நவ் கியூஆர் சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் கடைகளில் வேலை செய்கிறது. ஆனால் நீங்கள் பார்க்காத ஒருவருக்கு அதன் மூலம் கொடுக்க வழியில்லை. சிறு தாள்கள் வேண்டும்.

குழுவாகப் போகிறோம். பயண முகவர் டிப்ஸ் பணத்தை முன்னரே வசூலித்துவிட்டார். அது போதாதா?

அந்தத் தொகை பொதுவாக வழிகாட்டிக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் உரியது. விடுதி ஊழியர்கள் அதில் அடங்குகிறார்களா என்று முகவரிடம் நேராகக் கேளுங்கள். அடங்கும் என்றால்கூட, பெட்டி தூக்குகிறவர்கள் மட்டும்தானா, அறைப் பணியாளர்களும் உண்டா என்று இன்னொரு முறை கேளுங்கள்.

எங்கள் கையில் கணக்கான பணம்தான் இருக்கிறது. ஒன்றும் கொடுக்க முடியாவிட்டால்?

கொடுக்க முடியாததற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம். பல ஆண்டுகள் கூட்டு (சீட்டு) கட்டிச் சேர்த்து, ஆயுளில் ஒரே முறை வெளிநாடு போகிற குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. பணமில்லாமலும் அறையைச் செய்கிறவருக்கு உதவ முடியும். ஈரத் துண்டுகளை மெத்தை மேல் போடாமல் குளியலறையில் ஒரே இடத்தில் குவித்து வையுங்கள். குப்பையைக் கூடையில் போடுங்கள். சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கட்டிப் போடுங்கள். குங்குமமும் மஞ்சளும் வெள்ளை விரிப்பில் பட்டால் போகாது. அந்தக் கறைக்கு எங்களைத்தான் கேட்பார்கள். அறையிலேயே சாமி கும்பிடுகிறவர்கள் கீழே ஒரு செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். கிளம்புகிற நேரத்தை முன்னரே முகப்பில் சொல்லிவிட்டால், அந்த அறையை எப்போது தொடங்கலாம் என்று அவருக்குத் தெரியும். இப்படி விட்டுப்போன ஓர் அறை எனக்குப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும். அதில்தான் நான் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பேன்.

பணத்துக்குப் பதில் முறுக்கு, அதிரசம் கொடுக்கலாமா?

வீட்டில் சுட்டதை அறையில் விட்டு வந்தால் அது குப்பைக்குப் போகும். விருந்தினர் விட்டுச் சென்ற திறந்த உணவைத் தொடக் கூடாது என்பது பொதுவான விதி. முத்திரை பிரிக்காத ஈப்போ வெள்ளைக் காப்பிப் பொட்டலம் என்றால், சீட்டு எழுதி வைத்தால், மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வார்கள். அதோடு ஒரு சிறு தாளும் இருந்தால் நல்லது. காப்பியைக் கொண்டு பேருந்துக் கட்டணம் கட்ட முடியாது.

கொடுக்க மறந்து அறையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டோம். இனி என்ன செய்வது?

விடுதியை விட்டுக் கிளம்பவில்லை என்றால் ஓர் உறையில் அறை எண்ணையும் தேதியையும் எழுதி, முகப்பில் கொடுத்து, அறைப் பணியாளருக்கு என்று சொல்லுங்கள். ஊர் திரும்பிவிட்டீர்கள் என்றால், அந்தப் பணியாளர் அறையில் தன் பெயர் அட்டையை வைத்திருந்தாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். விடுதிக்கு எழுதும் மதிப்புரையில் அந்தப் பெயரையும் அறை எண்ணையும் குறிப்பிட்டு ஓரிரு வரி எழுதுங்கள். அப்படி வந்த ஒரு மின்னஞ்சலை அச்செடுத்து எங்கள் துணி வைக்கும் அறைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். நான் வேலையை விட்டு வரும் நாள்வரை அது அங்கேயே இருந்தது.